வயிற்றுவார்

குருமண்வெளித் துறையில்
படகுக்குப் பெயரே பாதை.
பாதை பழுது என்பார்கள்.
பாதை அக்கரையில் நிற்கிறது, மழை விட்டால் வரும் என்பார்கள்.

வாடைக்காற்று அடங்கிய மூன்றாம் நாள்
களுதாவளைக் கரைவலைக்காரர் பேரின்பம்
உரப்பையில் சுற்றிக் கொண்டுவந்து
துறையில் வைத்துத் தந்தார்.
செந்நிற வரிகள். ஒரு சோற்றுக்கோப்பை அளவு.
உள்ளே முத்துச்சுவர் வைத்து அடைத்த அறைகள்.
"வலையில படல்ல, மணல்ல கிடந்த.
பாசிக்குடாவில ஆறாயிரம் தருவானாம்.
மறுகா யோசிச்சன்.
இது எந்தக் கடல்ட பிள்ளையெண்டு பார்த்துச் சொல்லுங்க."

நாட்டிலஸ் என்றேன்.
பஸ் பேர் மாதிரி இருக்கு என்று சிரித்தார்.

பவளச் சரிவில், வெளிச்சம் முடிகிற இடத்தில் இருக்கும்.
முட்டையிடப் பத்துப் பன்னிரண்டு வயதாக வேண்டும்.
வருடத்துக்கு ஒரு கை விரல், மறுகை விரல், அவ்வளவு முட்டை.
ஒன்று பொரிக்க ஏறக்குறைய இன்னொரு வருடம்.
குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து ஊர்பார்க்கப் போகாது,
தாய் ஏறி இறங்கிய சரிவிலேயே
ஏறி இறங்கும்.
அடுத்த திட்டுக்கும் இதற்கும் நடுவே ஆழம்.
எண்ணூறு மீற்றருக்குக் கீழே ஓடு நொறுங்கிவிடும்.
ஆகவே போவதில்லை.
லட்சம் வருடமாகப் போவதில்லை.

செத்த பிறகுதான் பயணம்.
சதை கழன்று
அறைகளில் காற்று மட்டும் மிஞ்சி
எந்த ஆழத்தையும் மேலால் கடந்து
களுதாவளை வரைக்கும் வரும்.

எங்களில் ஒரே குடிக்குள் கல்யாணமில்லை.
கோயிலில் காளாஞ்சி கொடுக்க முன்னும்
பெண் கேட்க முன்னும் அதே கேள்வி:
என்ன குடி?
தாய்க்கு எதுவோ அது. தகப்பனைக் கேட்பதில்லை.
எழுவான்கரைப் பெண், படுவான்கரை மாப்பிள்ளை,
நடுவே பாதை.
பாதைக்குப் பாஸ் கேட்ட வருடங்களில்
என் பெரியம்மாவின் மகளுக்குப் பேசிய மாப்பிள்ளை
அக்கரையிலேயே நின்றுவிட்டார்.
சமையல் புகை தெரிகிற தூரம்.

அந்தச் சரிவுக்குப் பாதை விட ஆளில்லை.
நூறு உயிர் இருந்தால்
மச்சானும் அண்ணனும் ஒரே ஆள்.
ஒன்றுக்கு வந்த வருத்தம் நூறுக்கும் வரும்.
கோழிக்கால் கட்டிய கூடுகள் மூன்று,
இரண்டு பருவம்,
பிறகு அது வெறும் சரிவு.
பக்கத்துச் சரிவிலிருந்து
யாரும் வந்து குடியேறமாட்டார்கள்.

வந்தாறுமூலையில், ஆய்வுகூடத்தில்,
அறைகளை ஊடறுத்துப் போகும் குழாயின்
காய்ந்த தோல் நூலளவு மிச்சமிருந்தது.
சுரண்டினேன். ஒரு கொத்தமல்லி விதைப் பாரம் வராது.
தாயின் வழியே மட்டும் இறங்குகிற டிஎன்ஏ.
ஆட்களைக் கேட்பது போலவே கேட்டேன்:
என்ன குடி?
இரண்டு தரம் கரண்ட் போனது.
ஜெலில் ஒரு கோடு, மங்கல்,
ஆனாலும் கோடு.
கொழும்புக்கு அனுப்பிவிட்டு
யாரிடமும் சொல்லாமல் சந்தோசமாயிருந்தேன்.

பதினெட்டு நாள்.
மாதிரி எண் பதினேழு: மனிதர்.

என் மூச்சாயிருக்கலாம்,
கையுறை போட முன் தொட்ட விரலாயிருக்கலாம்.
பேரின்பமாயும் இருக்கலாம்.
இரண்டு பேரும் ஒரே வயிற்றுவார் என்றால்
வித்தியாசமும் தெரியாது.
பேரேட்டில் எழுதினேன்: கலப்பு. நிராகரிக்கவும்.

பின்னேரம் போன் வந்தது.
"என்ன பிள்ள, ஆர்ர பிள்ளையாம்?"
"உங்கட குடி என்ன?" என்றேன்.
கொஞ்சம் சத்தமில்லை.
"ஏன், சங்குக்குச் சம்பந்தம் பேசப்போறீங்களோ?"

உள் அறையில் இன்னும் கொஞ்சம் தோல் இருக்கும்.
அதை எடுக்க ஓடு உடைபட வேண்டும்.
அவரிடம் அதைக் கேட்கவில்லை.

ஏழு மணி. துறையில் நாலு பேர்,
ஒரு சைக்கிள், என் ஐஸ்பெட்டி.
பாதை அக்கரையில் நிற்கிறது.